கோத்தகிரியில் இருந்து கீழே: ஒரு நோயாளி, இரண்டு பைலட்டுகள்

108 வண்டியில் ஸ்டியரிங் பிடிப்பவரை டிரைவர் என்று சொல்வதில்லை, பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் இ.எம்.டி., அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த அந்தச் சேவையில் சில வருடம் பின்பக்கத்தில் வேலை பார்த்தேன். இப்போது கோவையில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் குழுவில் இருக்கிறேன். தரை வழியும் போவோம், நோயாளியை விமானத்தில் கொண்டுபோகும் வேலையும் வரும். ஆக, இரண்டு வகைப் பைலட்டுகளின் முதுகையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான்.

இங்கே எழுதியிருக்கும் நோயாளியை இரண்டிலுமே கொண்டுபோனோம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தவறை மாற்றவில்லை.

விழுந்தவர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் கிராமம். அறுபதை நெருங்கும் சிறு தேயிலை விவசாயி. ஜூன் மாதம், மழை வலுப்பதற்குள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழித்துவிட வேண்டும் என்று, ஆள் வரும்வரை பொறுக்காமல் தானே ஏறிவிட்டார். காலை பத்தரை மணிக்கு இருபது அடி உயரத்தில் இருந்து சரிவில் விழுந்தார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். 108 வண்டி அருகில் இருந்த மருத்துவமனையில் சேர்த்தது.

வலது பக்கம் ஐந்து விலா எலும்புகள் முறிந்திருந்தன. நுரையீரலைச் சுற்றிக் காற்று கட்டிக்கொண்டதால் நெஞ்சில் குழாய் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள். தலையிலும் அடி. கூப்பிட்டால் கண் திறந்தார், பேச்சு குழறியது. மதியத்துக்குள் அதுவும் குறைந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் உள்ள இடத்துக்குப் போயாக வேண்டும், அதாவது கோவைக்கு. ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இது அதற்கு முந்தைய ஜூன்.

எங்களுக்கு 12:50க்கு அழைப்பு வந்தது. மயக்க மருத்துவர், நான், டிரைவர் அண்ணன் என்று மூன்று பேர் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் சென்னையில் இருந்து அவருடைய மகள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணா, ஹெலிகாப்டர் வைக்க முடியுமான்னு விசாரிச்சுட்டு இருக்கேன். ஆபீஸ் இன்சூரன்ஸ்ல அப்பா பேரும் இருக்கு. நீங்க மேல வர்ற நேரத்துல அது வந்துட்டுப் போயிடாதா?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் அப்போது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஹெலிகாப்டர் கணக்கு

கோத்தகிரிக்கும் கோவை விமான நிலையத்துக்கும் இடையே காகம் பறக்கும் வழியில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஹெலிகாப்டருக்கு கால் மணி நேரம். ரோட்டில் மேட்டுப்பாளையம் வரை 33, அங்கிருந்து கோவைக்கு 35. மலை ரோடு என்பதால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் ஹெலிகாப்டரைத்தான் கேட்பார்.

ஆனால் அது எங்கே இறங்கும்? அரசு ஹெலிபேடு ஊட்டி தீட்டுக்கல்லில் இருக்கிறது. அதற்குக் கோத்தகிரியில் இருந்து நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றி, ஒரு மணி நேரம் எதிர்த்திசையில், தொட்டபெட்டா சந்திப்பு வழியாக இன்னும் மேலே கொண்டுபோக வேண்டும். வேறு மைதானத்தில் இறக்குவதென்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி, போலீஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் வந்து நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் ஹெலிகாப்டர் ஒன்று காலியாக இருக்க வேண்டும், பணம் கட்டியாக வேண்டும், மேகம் விலக வேண்டும்.

மேகத்தைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படையின் எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் குன்னூர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி உட்பட அதில் இருந்தவர்கள் 14 பேர். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசை உணர்வு தவறியதே காரணம் என்று விசாரணை சொன்னது. அந்த விபத்தில் இருந்து உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கை மறுநாள் பெங்களூருக்கு மாற்றினார்கள். அப்போதும் வெலிங்டனில் இருந்து சூலூர் வரை ஆம்புலன்சில் ரோடு வழியாகத்தான் இறக்கினார்கள், விமானம் சூலூரில் இருந்துதான் கிளம்பியது. கைவசம் ஹெலிகாப்டர் வைத்திருக்கும் படையே எடுத்த முடிவு அது. மலையில் இருந்து நோயாளியை இறக்குவது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மலை மாநிலங்களில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இல்லாமல் இல்லை. ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபரில் ஒரு சேவையைத் தொடங்கினார்கள். அதே ஹெலிகாப்டர் 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்கும்போது வால் முறிந்து நின்றது, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். ரோடே இல்லாத ஊருக்கு அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். கோத்தகிரிக்கு ரோடு இருக்கிறது.

இரண்டு மணி சுமாருக்கு மகளுக்குப் பதில் வந்துவிட்டது: மறுநாள் காலை, அதுவும் வானம் தெளிந்தால்.

ஐம்பத்தைந்து நிமிடம்

3:05க்கு மேலே சேர்ந்தோம். 4:00 மணிக்குத்தான் கிளம்பினோம். இந்த ஐம்பத்தைந்து நிமிடத்துக்காக உறவினர்களிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. "கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க, இங்க என்ன பண்றீங்க?"

அங்கே பண்ணியதை வளைவில் பண்ண முடியாது. நினைவு குறைந்துகொண்டே வரும் ஆளுக்குத் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். இரண்டாவது கையிலும் ஊசி வழி போட்டோம். முதுகெலும்பில் அடி இல்லை என்பது உறுதியாகவில்லை, அதனால் இடுப்பில் மடக்காமல், பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் போர்வைகளை மடித்துக் கொடுத்து உயர்த்தினோம். தலையில் அடிபட்டவருக்குத் தலை மேலே இருக்க வேண்டும். ஆம்புலன்சில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். வண்டி மலை இறங்கும்போது முன்பக்கம் தாழும், கூடவே தலையும் தாழும். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பின் ரத்தம் தலையை நோக்கித் தள்ளப்படும். சமவெளியில் போதும் என்கிற உயரம் மலை இறக்கத்தில் போதாது, கொஞ்சம் கூட்டிக் கொடுத்தோம்.

மலை இறங்குவதில் ஒரு வசதியும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கோத்தகிரியில் ஐந்தில் நான்கு பங்கு. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே வரும், நெஞ்சுக்குள் கட்டிய காற்றும் சுருங்கும். தீட்டுக்கல்லுக்கு ஏற்றியிருந்தால் இரண்டும் தலைகீழ். ரோட்டின் பக்கம் நிற்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்டியில் டி வகை இரண்டு இருக்கும். ஒன்றில் 7,000 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போனாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அந்த இரும்புச் சிலிண்டர் ஓர் ஆள் எடை இருக்கும், ஹெலிகாப்டரில் ஏற்ற மாட்டார்கள். மெலிந்த காற்றில் ஹெலிகாப்டருக்குத் தூக்கும் சக்தி குறைவு, உயரம் கூடக் கூட எடை விஷயத்தில் கறாராகிவிடுவார்கள். 1,500 லிட்டர் பிடிக்கும் பி வகை என்றால் அதே வேகத்துக்கு இரண்டரை மணி நேரம். வானத்தில் அது தாராளம்தான். இறங்கிய இடத்தில் கீழே வர வேண்டிய ஆம்புலன்ஸ் டிராஃபிக்கில் மாட்டினால்தான் தெரியும்.

குஞ்சப்பனைக்குக் கீழே

டிரைவர் அண்ணன் இரண்டாவது கியரை விட்டு ஏறவே இல்லை. சைரன் மலை ரோட்டில் பாதி வீண், வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஹார்னும் லைட்டும்தான். விரட்டினால் என்ன மிஞ்சும் என்று அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "எட்டு நிமிஷம் மிஞ்சும் தம்பி, உனக்கு வாந்தியும் மிஞ்சும்" என்றார். பின்பக்கம் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டு வளைவுகளில் இறங்கியவர்களுக்கு அது வேடிக்கைப் பேச்சல்ல என்று தெரியும்.

குஞ்சப்பனை அருகே யானைகள். ஜூன், ஜூலையில் பலாப்பழ வாசனைக்கு இந்த ரோட்டோரம் அவை வருவது வழக்கம். சைரனையும் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் நின்றோம். அந்த நேரத்தில் வென்டிலேட்டர் மெல்லக் கத்தியது, காற்று கசிகிறது என்று. தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூன் இருக்கும், காற்று பக்கவாட்டில் கசியாமல் அடைப்பது அதுதான். கோத்தகிரியில் அளந்தபோது அதன் அழுத்தம் 26 இருந்தது, இப்போது 16. மேலே ஊதிய காற்று கீழே வந்ததும் சுருங்கிவிட்டது. கொஞ்சம் காற்று ஏற்றினேன், சத்தம் நின்றது. விமானத்தில் இதற்கு நேர் எதிர், ஏறும்போது பலூன் உப்பி மூச்சுக்குழலை அழுத்தும், அதனால் அங்கே அளந்துகொண்டே இருப்போம். மலை ரோட்டிலும் அதே விதிதான் என்பதை நான் ஏனோ ஒரு படி குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

யானைகள் விலகின. நான்கு வளைவு தாண்டியதும், எதிரே வந்த ஒரு டூரிஸ்ட் கார் பஸ்ஸை முந்த முயன்றது. டிரைவர் அண்ணன் பிரேக்கை அழுத்தினார். நெஞ்சுக் குழாயின் தண்ணீர் பாட்டிலை ஸ்ட்ரெச்சரின் வலது பக்கம், என் காலருகே தொங்கவிட்டிருந்தேன். அது ஆடி, குழாய் ஸ்ட்ரெச்சர் கம்பிக்கும் சீட்டுப் பெட்டிக்கும் நடுவில் மடங்கிச் சிக்கியது. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மானிட்டர்தான். மூச்சுக்குழல் அழுத்தம் 24ல் இருந்து 41. ஆக்சிஜன் 97ல் இருந்து 84. ரத்த அழுத்தம் 118ல் இருந்து 82.

நான் எழுந்தேன். பெல்ட் போட்டிருக்கவில்லை. அடுத்த வளைவில் தோள் அலமாரியில் மோதியது. டாக்டர் தடுப்புக் கண்ணாடியைத் தட்டி, "நிறுத்துங்கண்ணா!" என்றார். ரோடு அகலமான இடம் பார்த்து ஓரங்கட்ட அவருக்கு நாற்பது வினாடி ஆனது. இன்ஜினை அணைத்தார்.

அந்த அமைதியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடது பக்கம் மூச்சுச் சத்தம் இருக்கிறது, வலது பக்கம் இல்லை. பாட்டிலில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்காமல் செத்துக் கிடந்தது. குழாயை நெஞ்சில் இருந்து கையால் தடவிக்கொண்டே போனேன், மடிப்பு கையில் தட்டியது. எடுத்துவிட்டதும் பாட்டிலில் குபுகுபுவென்று குமிழிகள். இரண்டு நிமிடத்தில் எண்கள் திரும்பின. மொத்தம் ஐந்து நிமிடம் நின்றிருப்போம். குழாயைப் பிளாஸ்டரால் பலகையோடு ஒட்டி, பாட்டிலைக் கால்மாட்டுக்கு மாற்றிக் கட்டினேன்.

6:20க்குக் கோவை. அன்றிரவே மூளை மேலிருந்த ரத்தக் கட்டியை எடுத்தார்கள்.

நிற்க முடிவது

இதே சிக்கல் ஹெலிகாப்டரில் வந்திருந்தால்? அந்த இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் வெறும் கழுத்துமாலை. கண்ணும் மானிட்டரும் கை உணர்வும்தான் மிச்சம். ஓரங்கட்ட இடமில்லை. சின்ன ஹெலிகாப்டர்களில் பைலட்டுக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றி அந்த ஓரமாகத்தான் ஸ்ட்ரெச்சரைப் போடுவார்கள். நோயாளியின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், அந்தப் பக்கம் குழாய் இருந்தால் கை எட்டாது. வண்டியை நிறுத்த முடிந்ததால்தான் அவர் பிழைத்தார் என்று நான் நண்பர்களிடம் சில நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர்தான் அதைத் திருப்பிப் போட்டார். "ஹெலிகாப்டரா இருந்தா அந்தப் பாட்டிலை நீ அங்க தொங்கவிட்டிருப்பியா?"

மாட்டேன். விமானத்தில் ஏற்றும் முன்பே எந்தக் குழாய் எந்தப் பக்கம், என் கை எதுவரை எட்டும் என்று தரையில் வைத்தே பார்த்துவிடுவேன். பாட்டிலே வைக்காமல், ஒருவழி வால்வு உள்ள பையை மாட்டுவேன். ஒவ்வொரு குழாயையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் கதவை மூடுவோம். மேலே போனால் நிறுத்த முடியாது என்ற பயம் அதைச் செய்ய வைக்கிறது. ஆம்புலன்சில் 'எதுவானாலும் ஓரங்கட்டிப் பார்த்துக்கலாம்' என்ற தைரியம். என்னைக் காப்பாற்றியதும் அந்தத் தைரியம், அஜாக்கிரதையாக்கியதும் அதேதான்.

பெல்ட்டும் அப்படித்தான். பறக்கும் பைலட் என் பெல்ட்டைப் பார்க்காமல் கிளம்ப மாட்டார். ஆம்புலன்சின் பின்பக்கத்தில் பெல்ட் போட்ட சக ஊழியரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். இடித்துக்கொண்ட தோளைத் தடவிக்கொண்டே இதை எழுதுகிறேன் என்று சொல்ல ஆசை, அது இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

இரண்டு பைலட்டுகளுக்கும் நடுவே இன்னொரு வித்தியாசம் உண்டு, அதை வெளியே இருப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. வான்வழிக் குழுக்களில் ஒரு பழக்கம்: பறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்வரை நோயாளி குழந்தையா, சாகக் கிடக்கிறாரா என்பதைப் பைலட்டிடம் சொல்வதில்லை. இடமும் எடையும் வானிலையும் மட்டும்தான் அவருக்கு. இரக்கம் மேகத்துக்குள் நுழைய வைத்துவிடும் என்பதற்காக. குழுவில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் இல்லை. நம் ரோட்டுப் பைலட்டுக்கு அந்தத் திரை கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அழும் மகனையும் வைத்துக்கொண்டு, "இன்னும் வேகமா போங்கண்ணா" என்பதைக் கேட்டுக்கொண்டே, இரண்டாவது கியரில் நிதானமாக இறங்க வேண்டும். எது கஷ்டமான வேலை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சம்பளத்தில் அது தெரியாது.

பன்னிரண்டு நாள் கழித்து

கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். வென்டிலேட்டர் பகலில் தேவைப்படவில்லை. நெஞ்சுக் குழாயை எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. மகள் சென்னையில் இருப்பதால் மறுவாழ்வுச் சிகிச்சையை அங்கே தொடர முடிவு. ரோட்டில் என்றால் ஐந்நூறு கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம், மாற்றுவதற்கு இரண்டு டிரைவர்கள். அவ்வளவு நேரம் கழுத்துக் குழாயை ஆடும் வண்டியில் சுத்தம் செய்துகொண்டு போவது நோயாளிக்கும் எங்களுக்கும் தண்டனை. இந்த முறை நானே விமானத்துக்கு ஓட்டுப் போட்டேன். இன்சூரன்ஸும் ஒத்துக்கொண்டது.

விமானத்தின் உள்ளே இருப்பதும் மலைக் காற்றுதான் என்று மகளிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. பயணிகள் விமானத்தில் உள்ளே வைக்கும் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமம் வரை போகலாம். ஊட்டி 7,350 அடி. கோவைக்கு இறக்கி ஆக்சிஜன் ஏற்றிய ஆளைத் திரும்ப ஊட்டிக்கு ஏற்றுவது போல. கோவைத் தரையில் இருந்து அந்த அளவுக்குப் போனால், உடம்புக்குள் எங்காவது சிக்கிய காற்று கால் பங்குக்கு மேல் உப்பும். அதனால் முந்தைய நாள் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் நெஞ்சிலோ மண்டைக்குள்ளோ காற்று மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டோம். பைலட்டிடம் உள்ளே தரை மட்டத்து அழுத்தமே வேண்டும் என்று கேட்டோம். அது இரட்டை டர்போபிராப், அதாவது விசிறி வைத்த இரண்டு இன்ஜின் உள்ள சிறு விமானம், அந்த அழுத்தத்தோடு சுமார் 15,000 அடிக்கு மேல் போக முடியாது. தாழப் பறந்தால் எரிபொருள் கூடும், குலுக்கலும் கூடும். சரி என்றார். எல்லாருடைய எடையையும் கேட்டு எழுதிக்கொண்டார், நோயாளிக்கு என்ன என்று கேட்கவில்லை. மகளின் சூட்கேஸ் கோவையிலேயே நின்றுவிட்டது.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உயரம் நாலே முக்கால் அடி. குறுகிய கதவு வழியாகச் சரிவுப் பலகையில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து ஏற்றும் அந்த ஒரு நிமிடம்தான் மொத்தப் பயணத்திலும் என் நெஞ்சு படபடத்த நேரம். மலையில் இருந்து இறங்கியபோது அவரைத் தூக்கி மாற்றியது இரண்டு தடவை, கட்டிலில் இருந்து வண்டிக்கு, வண்டியில் இருந்து கட்டிலுக்கு. விமானத்துக்கு நான்கு தடவை, ஏனென்றால் இரு முனையிலும் ஆம்புலன்ஸ் வேண்டும். ஒவ்வொரு மாற்றலும் ஒரு குழாய் பிடுங்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு. பறந்தது ஒன்றே கால் மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கிய பின் மருத்துவமனை வாசலைப் பார்க்க ஐம்பது நிமிடம். கட்டிலில் இருந்து கட்டிலுக்கு நான்கு மணி நேரம் பத்து நிமிடம். வழியில் எழுதிவைக்கும்படி ஒன்றும் நடக்கவில்லை.

விமானத்தை ஓட்டி வந்தவர், நோயாளியை இறக்கிய பிறகு என்னிடம் வந்து, "இப்ப சொல்லுங்க, அவருக்கு என்ன?" என்றார். சொன்னேன். மரத்தில் இருந்து விழுந்தார் என்றதும் அவர் முகம் மாறியது, அவருடைய அப்பாவும் தென்னை மரம் ஏறுகிறவராம்.

நான்கு மாதம் கழித்து நோயாளி கைத்தடியோடு கோத்தகிரிக்குத் திரும்பிவிட்டார். இடது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று மகள் சொன்னார். மேலே போன பஸ்ஸில் வளைவுகளில் வாந்தி எடுத்தாராம், வாழ்க்கையிலேயே முதல் முறையாக.

எங்கள் வண்டியில் இப்போது நெஞ்சுக் குழாய் என்றால் பாட்டில் இல்லை, வால்வுப் பைதான். கதவை மூடும் முன் குழாய்களைத் தொட்டு வாய்விட்டுச் சொல்கிறோம், உறவினர்கள் மந்திரம் ஓதுகிறோமோ என்று பார்க்கிறார்கள். டிரைவர் அண்ணன் பின்னால் இரண்டு பெல்ட்டும் 'கிளிக்' என்று கேட்காமல் கியர் போடுவதில்லை. போன மாதம் குன்னூர் இறக்கத்தில் ஊசி மருந்து எடுக்க நான் பெல்ட்டைக் கழற்றினேன். ஒன்றும் சொல்லாமல் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, நான் திரும்ப மாட்டும்வரை ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.